ஞாயிற்றுக்கிழமை மழை

அன்புள்ள கதிர்,

சென்ற ஆண்டு தைப்பூசத்துக்கு மறுநாள், காலை பத்து மணி சுமாருக்கு, சிம்பாங் ரெங்கத்தில் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. மழை பெய்யாத நாளுக்கு இனிமேல் கோடு போடுவதில்லை, சுழியம் எழுதுவது. முடிவெடுத்தவர்கள் இரண்டு பேர். மேசையில் நான், தொலைபேசியில் ஸ்கூடாயிலிருந்து நீ. உன் அப்பாவும் அதே மேசையில்தான் இருந்தார். ஆனால் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்ததால் வாக்கெடுப்பில் கலந்துகொள்ளவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு தோட்டத்து அலுவலகத்தில் நடைமுறையிலிருந்த கோடு, எதிர்ப்போ ஆர்ப்பாட்டமோ இல்லாமல் ஒரே நிமிடத்தில் ஒழிக்கப்பட்டது. பேரரசுகள்கூட இதைவிடச் சத்தமாக விழுந்திருப்பதாகப் படித்திருக்கிறேன்.

வரும் வியாழக்கிழமை நீ புது வேலைக்காகக் கூச்சிங்குக்குப் போகிறாய். விமான நிலையத்தில் நான் என்ன சொல்வேன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாஸ்போர்ட் எடுத்தாயா, போய்ச் சேர்ந்ததும் கூப்பிடு, வெளியில் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. சொல்ல வேண்டிய மற்றதை இங்கே எழுதுகிறேன். கடிதம் உனக்கு, ஆனால் நம் பழைய தோட்டத்து மக்கள் ஆண்டுதோறும் ஒன்றுகூடும்போது அச்சடிக்கிற மலரில் இதைப் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வழக்கமாக அதில் திருமண வாழ்த்தும் குழுப் படங்களும் வரும். மகனுக்கு எழுதியதை எதற்கு ஊருக்குக் காட்ட வேண்டும் என்று கேட்பாய். காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

நான் அந்தச் செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருந்தேன். அலுவலகக் கணக்கர் வேலைக்குத் தோட்டத்தில் அதுதான் பெயர். வேலைகளில் ஒன்று மழை அளப்பது. அலுவலகத்துக்குப் பின்னால் புல்வெளியில் இடுப்பு உயரக் கம்பிவேலிக்குள் ஒரு செப்புப் பாத்திரம் நட்டிருக்கும். மேலே புனல், உள்ளே புட்டி. தினமும் காலை ஏழு மணிக்குப் புட்டியை எடுத்து, கோடு போட்ட கண்ணாடிக் குழலில் ஊற்றி, நீர்மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்திப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் என்று புத்தகத்தில் எழுத வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு இருபத்திரண்டு புத்தகங்கள். நான் ஓய்வுபெற்றபோது நிர்வாகம் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தது. ‘ஒரு நாளும் தவறாதவருக்கு’ என்று அதன் அடியில் தமிழில் பொறித்திருந்தார்கள். புத்தகங்களைக் குப்பையில் போடப்போனார்கள். அவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒருவேளை கடிகாரத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

நீ ஸ்கூடாயில் முதுகலைக்குப் படித்தது நம் பக்கத்து ஓடைகளைப் பற்றி: ஒரே நாளில் இங்கே எவ்வளவு மழை கொட்டும், அதை எந்த ஓடை எவ்வளவு தாங்கும் என்று. அதற்கு நாள்வாரியான மழை அளவு வேண்டும். அது என் அலமாரியில் இருந்தது. “யாரையாச்சும் வெச்சு டைப் பண்ணிக்கலாம்மா” என்றாய். யாரையாவது வைத்தா? இருபத்திரண்டு ஆண்டுக் கையெழுத்தை, எழுதியவள் உயிரோடு இருக்கும்போது? நானே தட்டுகிறேன் என்றேன். பழைய மடிக்கணினியில் கணித மென்பொருள் ஒன்றைப் போட்டுக் கொடுத்து, “தட்டுனது சரியானு நீங்களே பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனாய்.

அந்த மென்பொருளோடு என் முதல் வாரம் மரியாதைக் குறைவான வாரம். திறந்தால் வெள்ளைப் பலகையும் ஓர் அம்புக்குறியும்தான். படம் கிடையாது, பொத்தான் கிடையாது. நாம் எழுத வேண்டும், அது பதில் சொல்ல வேண்டும். மழைக் கோப்பைத் திற என்று எழுதினேன். அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது. கோப்பு என் கண்முன்னே திரையின் இடது ஓரத்தில் இருந்தது. அரை மணி நேரம் அதோடு வாதாடிய பிறகு உன்னைக் கூப்பிட்டேன். “அது ஒரு ஃபோல்டருக்குள்ள ஒக்காந்துக்கிட்டு அங்க மட்டுந்தாம்மா தேடும். நீங்கதான் எந்த ஃபோல்டர்னு சொல்லணும்” என்றாய். பல அரசாங்க அலுவலகங்களில் பழகியவள் என்பதால் இது உடனே விளங்கியது. ‘மழை’ என்பதை ஆங்கில எழுத்தில் பெரிய எழுத்தில் தொடங்கினால் ஒரு மழை, சிறிய எழுத்தில் தொடங்கினால் வேறு மழை என்பதும் அந்த வாரத்தில் தெரிந்தது.

பிறகு அரைப்புள்ளி. வரியின் முடிவில் அதைப் போடாவிட்டால், செய்ததையெல்லாம் திரையில் கொட்டிவிடும். முதல்முறை எட்டாயிரத்துச் சொச்ச நாட்களும் என் முன்னால் வரிசையாக ஓடின. நிறுத்தத் தெரியாமல் மின்கம்பியையே பிடுங்கினேன். அரைப்புள்ளி போட்டால் சொன்ன வேலையை மட்டும் செய்யும், வாயைத் திறக்காது. உன் அப்பா முப்பது ஆண்டுகள் தோட்டத்து லாரி ஓட்டியவர். அவருக்குப் பின்னால் யார் எப்போது அரைப்புள்ளி போட்டார்கள் என்று அன்று வெகுநேரம் யோசித்தேன்.

அப்புறம்தான் கோடு வந்து வழிமறித்தது. மாதச் சராசரி கேட்டால் மறுத்தது. கோடு இருக்கிற நெடுவரிசை எண்கள் அல்ல, எழுத்துகள் என்றது. ஒரே ஒரு கோட்டுக்காகவும் முழு ஆண்டையும் ஏற்க மறுத்தது. தைப்பூசத்துக்கு மறுநாள் எடுத்த முடிவு இதனால்தான். எட்டாயிரம் வரியிலும் கோட்டைச் சுழியமாக மாற்ற ஒரே ஒரு கட்டளை போதுமாக இருந்தது. அசல் கோப்பில் கைவைக்காமல் பிரதியில் செய்யச் சொன்னாய். மிகப் பெரிய எண்ணையும் மிகச் சிறிய எண்ணையும் முதலில் கேட்கச் சொன்னாய். மிகப் பெரியது ஆயிரத்து நூற்று இருபத்தைந்து மில்லிமீட்டர் என்று வந்தது. தசமப் புள்ளியை விட்டிருந்தேன். அது நிஜமென்றால் இந்தக் கடிதத்தை நான் படகிலிருந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

கதை முற்றுவது படங்களில். ஒரு நாள் மழையை அதற்கு அடுத்த நாள் மழையோடு வைத்துப் புள்ளி வரைந்து பழகச் சொன்னாய். திங்களுக்குச் செவ்வாய், செவ்வாய்க்குப் புதன் என்று ஏழு படங்கள். ஆறு படங்கள் தரையில் கடுகு கொட்டியது போல இருந்தன. ஏழாவது, ஞாயிறும் திங்களும், அடிக்கோல் வைத்து இழுத்தது போல மூலையிலிருந்து மூலைக்கு ஒரே நேர்கோடு. கதிர், இதை நீ நம்ப வேண்டும்: எனக்குச் சந்தேகம் வரவில்லை. பெருமைதான் வந்தது. மற்ற ஆறிலும் எங்கோ தவறு செய்துவிட்டேன், இதுதான் சரியாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். தாளில் அச்செடுத்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன். உனக்கும் அனுப்பினேன், “எப்படி?” என்று கேட்டு. நீ பதில் போடவில்லை. சனிக்கிழமை மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாய்.

அந்த மாத இறுதிக்குள் ஆய்வேட்டை ஒப்படைத்தால் உனக்குப் பினாங்கில் வேலை தயாராக இருந்தது. எழுத வேண்டியதையெல்லாம் எழுதிவிட்டிருந்தாய். அதெல்லாம் எனக்குத் தெரியும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

தோசையை ஒன்றோடு நிறுத்திக்கொண்டாய். கை கழுவிவிட்டு வந்து கேட்டாய்.

“அம்மா, ஞாயித்துக்கெழம யாரும்மா மழை அளப்பா?”

“நான்தான். வேற யாரு?”

“லீவு நாள்லயுமா?”

“மழைக்கு லீவு இருக்கா?”

நீ எழுந்துபோய்க் குளிர்பெட்டியிலிருந்த தாளைப் பிரித்தெடுத்து மேசையில் வைத்தாய். “இந்தக் கோட்ட விட்டு ஒரு புள்ளிகூட வெளிய இல்லம்மா. ஞாயிறு எவ்வளவோ திங்களும் அவ்வளவேதான். இருபத்திரண்டு வருஷமா. மழை அப்பிடிப் பேயுமா?”

நாற்காலியில் சாய்ந்திருந்த உன் அப்பாவின் அரைப்புள்ளி அப்போது கழன்றது. “மழைக்கு லீவு இல்லலா. கிராணிக்கு இருந்துச்சு. ஒம்போது மணி வரைக்கும் கொறட்ட. நான்தான் கோப்பி கலக்கி வெப்பேன்.”

“அலாமா! உங்கள யாராச்சும் கேட்டாங்களா?” என்றேன்.

“இருபத்திரண்டு வருஷமா யாரும் கேக்கல. இன்னிக்கிக் கேக்கறான்.”

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தூங்கினேன். அதற்கு மேல் காரணம் சொன்னால் அது இரண்டாவது பொய்யாகிவிடும். திங்கள் காலை புட்டியில் இரண்டு நாள் மழை இருக்கும். அதை இரண்டாக வகுத்து, பாதியை ஞாயிற்றுக்கும் பாதியைத் திங்களுக்கும் எழுதுவேன். யாரையும் ஏமாற்றுவதாக எனக்குத் தோன்றியதே இல்லை. அண்ணன் தம்பிக்கு மாங்காயைப் பங்கு வைப்பது போல நியாயமாகத்தான் வகுத்தேன். அதை அப்படியே உன்னிடமும் வாதாடினேன்.

“மொத்தம் சரியாத்தானே இருக்கு? ஒரு சொட்டு கொறைச்சு எழுதுனேனா?”

“மொத்தத்துக்குச் சரிம்மா. மாசக் கணக்கு கேட்டா நீங்க பாஸ். என் ஆராய்ச்சி ஒரே நாள்ல எவ்வளவு பேயும்ங்கறதுதானே? நீங்க பெரிய மழையப் பூரா ரெண்டா வெட்டிட்டீங்க.”

“அப்ப அந்தப் படத்த மட்டும் போடாம விட்ரு. ஒங்க புரொஃபசருக்குத் தெரியுமா?”

“தெரியாது. கேக்கவும் மாட்டாரு.”

“அப்பறம் என்ன?”

“எனக்குத் தெரியுமேம்மா.”

நான் செய்த தவறுகளில் தூங்கியதை ஒன்றாகவும், வகுத்ததை இரண்டாவதாகவும், ‘படத்தை விட்டுவிடு’ என்று சொன்னதை மூன்றாவதாகவும் எழுதிக்கொள். மூன்றாவதுதான் பெரியது. முதல் இரண்டும் செய்தபோது எனக்கு வயது குறைவு.

நீ கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். இரண்டு பேருக்கும் வசதியாக முடிந்திருக்கும். நீயோ வேறொன்று கேட்டாய். “நான் மூணாங்கிளாஸ் படிக்கறப்ப பள்ளிக்கூட ரோடு முங்குச்சே, அந்த வெள்ளம் புக்குல எங்கம்மா இருக்கு? தேடிப் பாத்தேன், காணோம்.” புத்தகத்தை எடுத்தோம். ஞாயிறு 118, திங்கள் 118. அந்தத் திங்கள் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புட்டி நிரம்பி, வெளிச் செப்புப் பாத்திரமும் நிரம்பி, குழலில் ஊற்றி ஊற்றி எண்ணினேன். இருநூற்று முப்பத்தாறு. முந்திய சனிக்கிழமை தோட்டத்துத் திடலில் நீங்களெல்லாம் புழுதி பறக்கப் பந்து விளையாடினீர்கள். எல்லாம் ஞாயிறு ஒரே நாளில் கொட்டிய மழை. இருபத்திரண்டு ஆண்டுகளில் பெரிய மழை. அதை நான் இரண்டு சாதாரண மழைகளாக்கி வைத்திருந்தேன்.

அடுத்த ஆண்டு, நாம் குடியிருந்த தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் இடையிலான சாலையை உயர்த்தினார்கள். சாலைக்கு அடியில் ஓடைநீர் போக எவ்வளவு பெரிய குழாய் போடலாம் என்று கணக்குப் போட, ஒரே நாளில் பெய்த அதிகபட்ச மழை எவ்வளவு என்று அலுவலகத்தில் கேட்டார்கள். நான் புத்தகத்தைப் பார்த்து 118 என்றேன். மூன்றடிக் குழாய் போட்டார் குத்தகை எடுத்தவர். ஊரில் எல்லோரும் தவுக்கே, அதாவது முதலாளி, என்று அழைக்கும் சீனர். அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஆண்டுக் கடைசியிலும் சாலை முங்கியது. நீ காலணியைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுப் பள்ளிக்குப் போனாய். தவுக்கே போட்டது குழாய் இல்லை, புல்லாங்குழல் என்று நான் ஒருமுறை சொன்னேன். நகைச்சுவை நன்றாக ஓடியது. பிள்ளைகள் அந்த இடத்துக்கே புல்லாங்குழல் என்று பேர் வைத்தார்கள். இந்த மலரிலும் அது ஓர் ஆண்டு துணுக்காக வந்தது, என் பெயரோடு. தவுக்கே ஒருநாள் அலுவலகத்துக்கு வந்து, “கிராணியம்மா, நீங்க குடுத்த நம்பருக்குத்தான் நான் கொழா போட்டேன்லா” என்றார். “நம்பர் சரிதான் தவுக்கே, கொழாதான் சரியில்ல” என்றேன். அலுவலகமே சிரித்தது.

அன்று மாலை நீ என் பக்கத்தில் உட்கார்ந்து, ஞாயிறு திங்கள் எல்லாவற்றையும் ஒரே வரியில் வெறுமையாக்கினாய். பிறகு சராசரி கேட்டாய். ‘எண் இல்லை’ என்றது மென்பொருள். எனக்கு விளங்கவில்லை. “ஒரு நாள் தெரியலன்னாலும் மொத்தமும் தெரியலன்னுதாம்மா சொல்லும். தெரியாதத விட்டுட்டுக் கணக்குப் போடுன்னு நாம கையெழுத்துப் போட்டுக் குடுத்தாத்தான் போடும்” என்றாய். இவ்வளவு கண்டிப்பான ஒரு கிராணியை எந்தத் தோட்டத்திலும் நான் பார்த்ததில்லை. கோடுகளைப் பற்றியும் அப்போது ஒப்புக்கொண்டேன். எல்லாக் கோடும் சுழியம் இல்லை. தீபாவளிக்குக் கோடு போட்டிருக்கிறேன், உனக்கு அம்மை போட்டிருந்த வாரம் முழுக்கக் கோடு போட்டிருக்கிறேன். மழை இல்லை என்பதும் நான் பார்க்கவில்லை என்பதும் என் புத்தகத்தில் ஒரே கோடுதான். தைப்பூசத்துக்கு மறுநாள் நாம் எடுத்த முடிவைப் பாதி திரும்பப் பெற்றோம். நினைவிருந்த நாட்களையெல்லாம் ஒவ்வொன்றாக வெறுமையாக்கினோம். இரவுச் சோற்றை உன் அப்பாதான் வடித்தார்.

பினாங்கு வேலை போயிற்று. எல்லா அட்டவணைகளையும் முதலிலிருந்து போட உனக்கு எட்டு மாதம் பிடித்தது. அந்த எட்டு மாதத்தில் ஒருமுறைகூட நீ என்னைக் குத்திப் பேசவில்லை. நான் என்றால் பேசியிருப்பேன். நல்ல வாக்கியங்கள்கூட மனத்தில் வந்தன. ஆய்வேடு கையில் கிடைத்ததும் இரண்டு பக்கங்களைத் தேடினேன். முன்பக்கத்தில் ‘மழையை அளந்த என் தாய்க்கு’ என்று இருந்தது. அதை உன் பெரியம்மா முதல் பெக்கான் நானாஸ் சித்தப்பா வரை எல்லோருக்கும் காட்டினேன். பின்னிணைப்பில் நம் தோட்டத்துக்கு எதிரே, ‘ஞாயிறு, திங்கள் அளவுகள் பயன்படுத்தப்படவில்லை. இரு நாள் மழை சமமாகப் பிரித்து எழுதப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. அதை யாருக்கும் காட்டவில்லை. நானே திரும்பத் திரும்பப் படித்தேன். யார் தவறு என்று எழுதாமல், என்ன நடந்தது என்று மட்டும் எழுதியிருந்தாய். உன்னைப் பெற்றதற்காக இதுவரை எத்தனையோ பேர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள், பெரும்பாலும் நீ பரீட்சையில் வாங்கிய எண்களுக்காக. அந்த இரண்டு வரிக்காக யாரும் பாராட்டப்போவதில்லை. ஆகவே நானே பாராட்டிக்கொள்கிறேன்.

கூச்சிங்கில் உனக்குப் பெரிய பெரிய கோப்புகள் வரும். சிலவற்றில் எல்லாம் அழகாக நேர்கோட்டில் நிற்கும். அங்கே என்னை நினைத்துக்கொள். அந்த எண்ணை எழுதியவள் கெட்டவளாக இருக்க வேண்டியதில்லை, தூங்கியிருப்பாள், அவ்வளவுதான். போன் செய்து கேள். அதட்டாமல் கேள், நீ என்னைக் கேட்டது போல.

இனி, இதை அச்சில் போடுவதற்கான காரணம். போன மாதம் டவுனில் தவுக்கேயின் இரும்புக் கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் அவரே உட்கார்ந்து ஆணிகளை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“தவுக்கே, அந்த நம்பர் தப்பு. என் தப்புதான்” என்றேன்.

“எந்த நம்பர்?”

“கொழா நம்பர்.”

கையிலிருந்த ஆணிகளைப் பெட்டியில் போட்டு மூடிய பிறகுதான் நிமிர்ந்தார். “புல்லாங்கொழலா?”

“ஆமா.”

நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “என் மகன் ஸ்கூல்லயும் அவன அப்பிடித்தான் கூப்புட்டாங்க, தெரியுமா? புல்லாங்கொழல் மவன்” என்றார். எனக்குத் தெரியாது. “வாயில சொன்னா காத்துல போயிரும் கிராணியம்மா. ஜோக் புக்குல வந்துச்சுல்ல? இதையும் புக்குல போடு.” பிறகு நான் கேட்ட புனலையும் அளவுக் குழலையும் எடுத்துத் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

ஆகவே போடுகிறேன். பள்ளிக்கூடச் சாலைக்கு அடியில் தவுக்கே போட்ட குழாய், அவருக்குக் கொடுக்கப்பட்ட எண்ணுக்குச் சரியான குழாய். எண் தவறு. எண்ணைக் கொடுத்தது நான். இதைப் படிக்கிறவர்கள் பிள்ளைகளுக்கும் சொல்லவும்.

வீட்டுக்குப் பின்னால், துணி காயப்போடும் கம்பிக்கு அப்பால், அந்தப் புனலையும் ஒரு தகரப் பாத்திரத்தையும் வேலிக்குள் நட்டிருக்கிறேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தேன். மழை இல்லை. 0 என்று எழுதினேன்.